கருப்புப் பட்டியலில் கல்யாணப் பத்திரிகை

"அப்ப என் மக கல்யாணப் பத்திரிகை உங்களுக்குக் குப்பையாய்யா?"

பத்ரிநாத்தின் குரல் தெற்குமாசி வீதிச் சங்க ஆபீஸின் மாடிப்படி வழியாக இறங்கி வந்து, கீழே டீக்கடையில் வடைக்கு நீட்டிய கைகளை அப்படியே அந்தரத்தில் நிறுத்தியது.

"குப்பைன்னு நாங்க சொல்லலைண்ணே. சர்வர் சொல்லுது" என்றார் சங்கச் செயலாளர் வெங்கடேஷ்பாபு.

"சர்வருக்கு நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. அதுதான் அதோட பெருமை. ஆள் பாக்காது."

"பெருமாள் படம் போட்டு மெயில்ல அனுப்பியிருக்கேன்யா. பெருமாளையுமா பாக்காது?"

"படம் போட்டதுதாண்ணே முதல் சந்தேகம். குப்பை மெயில் அனுப்புறவன் எல்லாம் படம் போட்டுத்தான் அனுப்புறான். இதைவிட மோசமான படமெல்லாம் வருது. கமிட்டியில நாங்க அம்புட்டையும் பாத்துத்தான் தள்ளுறோம்."

கீழே இருந்தவர்கள் வடையை மறந்து மேலே பார்த்தார்கள். பத்ரிநாத் சத்தம் போடுகிற ஆள் இல்லை. விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். சாயம் போய்விட்டது என்று சேலையை மூஞ்சியில் எறிகிறவர்களிடம்கூட "மோர் சாப்பிடுறீங்களா" என்று கேட்பார். அந்த வீட்டில் குரல் என்று ஒன்று உண்டென்றால் அது அவர் மனைவி சூடாமணியுடையது என்று தெருவில் எப்போதோ முடிவுகட்டியிருந்தார்கள். அப்பேர்ப்பட்டவர் சத்தம் போடுகிறார் என்றால் விஷயம் லேசானதில்லை என்று எல்லோரும் இன்னொரு டீ சொன்னார்கள்.

விஷயம் லேசானதில்லைதான். மூத்த மகள் வித்யாஸ்ரீக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சாய்குமார், பரமக்குடிப் பையன். தெப்பக்குளத்துப் பக்கம் சங்கத்துக்குச் சொந்தமான மஹாலைத்தான் பிடித்திருந்தார்கள். அந்த முகூர்த்தத்துக்கு மதுரையில் வேறு மஹால் கிடையாது. எல்லாவற்றையும் தைமாதமே யாரோ பிடித்துவிட்டார்கள். இப்போது சங்கம், மஹாலைக் கொடுக்க முடியுமா என்பதை யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தது.

சங்கத்தின் பெயர் வைகைத் தென்கரை ஜவுளி வணிகர் சங்கம். சுங்குடி, கைலி, துண்டு, ஜாக்கெட் துணி என்று விற்கிற முந்நூற்றுச் சொச்சம் பேர் உறுப்பினர்கள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் சித்திரையில் சங்கம் தன்னைக் 'காகிதமில்லாச் சங்கம்' என்று அறிவித்துக்கொண்டது. அறிவிப்பு நோட்டீஸாக அச்சடிக்கப்பட்டு வீடு வீடாக விநியோகமானது. ஒரு சர்வர் வாங்கி, உள்ளறையில் ஏசி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தினார்கள். ஏசி சர்வருக்குத்தான் என்றாலும் மத்தியானங்களில் கமிட்டியும் அங்கேயே சாய்ந்திருக்கும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு மெயில் முகவரி கொடுக்கப்பட்டது.

அதற்குப் பிறகு இரண்டு விதிகள் வந்தன.

முதல் விதி விழாக் குழு போட்டது. கல்யாணத்துக்குக் கல்யாணம் "எனக்குப் பத்திரிகை வைக்கலை" என்று நாலு பேர் முறுக்கிக்கொண்டு நிற்பது ஊர் வழக்கம். ஆகவே, மஹால் எடுக்கிற உறுப்பினர் மற்ற உறுப்பினர் அத்தனை பேருக்கும், ஒருத்தர் விடாமல், சங்க மெயிலில் அழைப்பு அனுப்ப வேண்டும். இரண்டாம் விதி கருப்புப் பட்டியல் குழு போட்டது. ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு மேல் அனுப்புகிறவர் குப்பை அனுப்புகிறவர்; அவர் பெயர் கருப்புப் பட்டியலில் ஏறும்.

இரண்டு குழுவிலும் இருந்தது அதே ஆட்கள்தான், அதே மேஜைதான். செவ்வாய்க்கிழமை கூடினால் விழாக் குழு, வெள்ளிக்கிழமை கூடினால் கருப்புப் பட்டியல் குழு. செவ்வாய்க்கிழமை சொன்னதை வெள்ளிக்கிழமை ஞாபகப்படுத்துவது மரியாதையில்லை.

கருப்புப் பட்டியல் குழு பிறந்த கதை ஊருக்கே தெரியும். தலைவருக்கு மட்டும் அது ஊருக்குத் தெரியும் என்பது தெரியாது. தலைவர் கருத்தக்கண்ணன், கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து துண்டு விற்க வந்து மூன்று கடை போட்டவர். மெயிலை அவர் தானாகப் படிப்பதில்லை. காலையில் ஊஞ்சலில் உட்கார்ந்துகொள்வார், பி.காம். படித்த மருமகள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல வேண்டும். ஒருநாள் சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது மருமகள் வழக்கம்போல ஆரம்பித்து, "உங்கள் ஆண்மையைப் பற்றி உங்கள் மனைவி..." என்று பாதியில் நிறுத்திவிட்டாள். "மேல படிம்மா, யாரு எழுதியிருக்கா?" என்றார் தலைவர். சம்பந்தி அம்மாள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். மறுநாள் குழு அமைந்தது.

குழுவின் நடைமுறை பார்க்கத் தகுந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் போக, தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு சர்வர் அறைக்குள் போவார்கள். வந்த மெயில்களைக் காகிதத்தில் அச்செடுப்பார்கள். செயலாளர் ஒவ்வொன்றாக வாசிக்க, தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "தள்ளு" என்பார். தள்ளப்பட்டவருக்கு மூன்று பக்கக் கண்டனக் கடிதம் மெயிலில் போகும். அவர் பெயர் மாடிப்படிக்குக் கீழே தெருவைப் பார்த்து மாட்டியிருந்த கரும்பலகையில் ஏறும். மூடிப்போன ஒரு டுடோரியலிலிருந்து வாங்கிய பலகை அது. பிளாக் லிஸ்ட் என்றால் பிளாக்காக இருக்க வேண்டும் என்பது தலைவரின் அபிப்பிராயம். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டுமானால், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து, இரண்டு உறுப்பினர் ஜாமீனுடன் குழு முன் நிற்க வேண்டும்.

"இதுவரைக்கும் ஒருத்தன் வந்து நிக்கலை" என்று மகாசபையில் தலைவர் முழங்கியிருந்தார். "அமெரிக்காவுல உக்காந்து மெயில் அனுப்பத் தெரியுது. தெற்குமாசி வீதிக்கு வந்து பதில் சொல்லத் துப்பில்லை. நம்மளைக் கண்டு அம்புட்டுப் பயம்." கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

அந்தப் பலகையில்தான் அன்று காலை சங்க ப்யூன் மொக்கையன் குண்டு குண்டாக எழுதிவிட்டுப் போயிருந்தான். 'ஆண்மை மாத்திரை விற்பவர். லாட்டரியில் பத்துக் கோடி டாலர் விழுந்ததாகச் சொல்பவர். பத்ரிநாத், சுங்குடி மொத்த வியாபாரம்.'

"நீங்கதானேய்யா எல்லாருக்கும் அனுப்பணும்னீங்க" என்று மேலே பத்ரிநாத் தொண்டை கட்டக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது விழாக் குழுண்ணே. இது வேற குழு."

"அந்தக் குழுவுக்கும் நீதானேய்யா செயலாளரு?"

வெங்கடேஷ்பாபு சென்னையில் ஒருநாள் கருத்தரங்குக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தவர். அதைச் சட்டம் போட்டுத் தலைக்கு மேல் மாட்டியிருந்தார். அதற்குக் கீழே நின்று பேசும்போது அவர் குரல் மாறிவிடும். "அண்ணே, ஆள் ஒண்ணா இருக்கலாம். பதவி வேற. அந்தப் பதவியில நான் உங்களை எல்லாருக்கும் அனுப்பச் சொன்னேன். இந்தப் பதவியில ஏன் அனுப்பினீங்கன்னு கேக்கிறேன். ரெண்டுலயும் நான் கடமை தவறலை."

வீட்டுக்கு வந்தபோது சூடாமணி வாசலிலேயே நின்றாள். அவருக்கு முன்னால் செய்தி வந்துவிட்டிருந்தது. அந்தத் தெருவில் அது அப்படித்தான். இளைய மகள் ரம்யாஸ்ரீ, "நான்தாம்மா எல்லார் பேரையும் ஒரே மெயில்ல போட்டேன்" என்றாள்.

"நீ போட்டது சரிதான். உங்கப்பா போய்க் கத்தினதும் சரிதான். அந்த மாடியில இருக்கிறவங்களுக்குத்தான் ஒண்ணும் சரியில்லை" என்று சொல்லிவிட்டு சூடாமணி குங்குமச்சிமிழையும் தாம்பாளத்தையும் எடுத்தாள். "மெயிலு கிடக்கட்டும். கையில கொண்டுபோய்க் குடுப்போம். எவன் வேண்டாங்கிறான்னு பாப்போம்."

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் வாங்கவும் இல்லை. முதல் வீட்டில், "உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க, பத்திரிகையை மட்டும் எடுக்காதீங்க" என்றார்கள். இரண்டாவது வீட்டில் புருஷன் குளிக்கிறார் என்றார்கள்; குளித்துக்கொண்டே அவர் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டுக்காரர் உள்ளதைச் சொன்னார்.

"மதினி, சங்கத்துல இருந்து மெயில் வந்திருக்கு. தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு, ரெண்டையும் பாக்காதவங்களுக்கு மூணாவதா ஒண்ணு. பத்ரிநாத்கிட்ட இருந்து எது வந்தாலும் திறக்கக் கூடாதாம். பத்திரிகைய வாங்கினா கவரைத் திறக்கணும்ல? எனக்கும் மகன் கல்யாணம் வருது. மஹால் வேணும்."

"கவரை ஒட்டாம தந்தா?" என்று சூடாமணி கேட்டாள்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "அதைப் பத்தி மெயில்ல ஒண்ணும் போடலையே" என்று கவலைப்பட்டார்.

மறுநாள் பலகையில் இன்னொரு பெயர் ஏறியது. பத்ரிநாத் கடைக்கு அடுத்த கடை உமர் பாரூக்குடையது, கைலி வியாபாரம். ஒரு மெயிலும் அனுப்பத் தெரியாத மனிதர். கடைக்கு வந்த பேரப்பிள்ளைகள் அவர் முகவரியில் ஒருதரம் கார் படம் பார்த்ததோடு சரி. அவர் மெதுவாகப் படியேறிப்போய்க் காரணம் கேட்டார்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இது உலக நடைமுறை" என்றார் வெங்கடேஷ்பாபு. "ஒரு நம்பர்ல இருந்து குப்பை வந்தா, அதுக்கு முன்னப்பின்ன இருக்கிற நம்பரையும் சேத்துத் தடுத்துரணும். கருத்தரங்குல தெளிவாச் சொன்னாங்க. பத்ரி அண்ணன் கடை என்ன நம்பர்?"

"நாப்பத்தாறு."

"உங்க கடை?"

"நாப்பத்தேழு."

"பாத்தீங்களா" என்றார் வெங்கடேஷ்பாபு, வருத்தத்துடன்.

"அவங்க சொன்னது கம்ப்யூட்டர் நம்பரா இருக்கும் தம்பி. இது கதவு நம்பர்."

"நம்பர்னா நம்பர்தானே பாய்."

உமர் பாரூக் இறங்கி வந்து பத்ரிநாத் கடைப்பலகையில் உட்கார்ந்தார். "நாப்பத்தஞ்சுல இருக்கிற நகைக்கடைக்காரன் சங்கத்துலயே இல்லை. அதனால தப்பிச்சான்" என்றார். பிறகு, "கல்யாணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்கண்ணே. மஹால் தரலைன்னா நம்ம பள்ளிவாசல் தெருவுல பந்தல் போடுவோம். எங்க வீட்டு ஷாஹீதா நிக்காஹ்வும் ரோட்டுலதானே நடந்துச்சு" என்றார்.

பத்ரிநாத் சிரிக்க முயன்றார். பரமக்குடிச் சம்பந்தி ரோட்டில் பந்தல் போட்டால் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. நிச்சயத்தின்போது தாம்பாளங்கள் எந்தத் திசையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசியவர். முறை, வரிசை, ஒழுங்கு என்றால் உயிர். அவருக்கு இது தெரியாதவரைக்கும் சரி.

அன்று மாலையே தெரிந்துவிட்டது. போனில் சம்பந்தியின் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"சம்பந்தி, மதுரையில உங்க பேரு பிளாக் லிஸ்ட்ல இருக்குன்னு கேள்விப்பட்டேன். மறைக்காம சொல்லுங்க. எந்த பேங்க்?"

"பேங்க் இல்லை சம்பந்தி. இது மெயில்."

"மெயில்லயா? டிக்கெட் எடுக்கலையா?"

"அந்த ரயில் மெயில் இல்லை. கம்ப்யூட்டர் மெயில்."

"ஞாயித்துக்கிழமை நேர்ல வாரேன்" என்று சம்பந்தி போனை வைத்தார். வித்யாஸ்ரீ அடுக்களைக் கதவருகே நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. பத்ரிநாத் போய் நின்றபோது குழுவில் ஒரு சலசலப்பு. கருப்புப் பட்டியலில் உள்ள ஒருவர் நேரில் ஆஜராவது அதுவே முதல் தடவை. ஜாமீனுக்கு ஆள் இல்லை. உமர் பாரூக் வந்தார். அவரே பட்டியலில் இருப்பதால் செல்லாது என்றார்கள். மற்றவர்கள் எல்லோரும் அந்த வெள்ளிக்கிழமை அழகர்கோயிலுக்குப் போயிருந்தார்கள். கீழே டீக்கடையிலும் அவர்களேதான் இருந்தார்கள்.

"முதல் கேள்வி" என்றார் வெங்கடேஷ்பாபு. "நீங்க மெஷின் இல்லைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"என்னது?"

"குப்பை அனுப்புறது மெஷின்ணே. உங்க மெயிலு எல்லாருக்கும் ஒரே நொடியில, ஒரே வாசகத்துல போயிருக்கு. மனுஷன்னா ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாத்தி எழுதியிருப்பான்."

"கல்யாணப் பத்திரிகைய எப்படிய்யா மாத்தி எழுதுறது? உனக்கு ஒரு மாப்பிள்ளை பேரு, தலைவருக்கு ஒரு மாப்பிள்ளை பேரா?"

"ஆதாரம் இருக்கா, இல்லையா?"

பத்ரிநாத் வாக்காளர் அட்டையைக் கொடுத்தார். குழு அதைக் கைமாற்றிப் பார்த்தது. புகைப்படத்தில் இருப்பது மனிதர்தானா என்பதில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. அட்டையின் குற்றம் அது, பத்ரிநாத்தின் குற்றமில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

"எல்லாருக்கும் மன்னிப்புக் கடிதம் மெயில்ல அனுப்பிருங்க" என்றார் வெங்கடேஷ்பாபு.

"என் மெயிலைத்தான் சர்வர் விடாதே."

"விடாது."

"விட்டாலும் ஐம்பது பேருக்கு மேல அனுப்புனா?"

"அது ரெண்டாவது குத்தமாயிரும்."

"அம்பது அம்பதாப் பிரிச்சு அனுப்பட்டுமா?"

வெங்கடேஷ்பாபுவின் முகம் இறுகியது. "அண்ணே, அது கைதேர்ந்தவன் பண்ற தந்திரம். உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

தலைவர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். குரலில் உண்மையான பாசம் இருந்தது.

"பத்ரி, உன்னை எனக்கு எம்புட்டு நாளாத் தெரியும். நீ தப்புப் பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்காக உன்னை விட்டுட்டா, தப்புப் பண்ணாதவன் எல்லாம் வந்து நிப்பான். தப்புப் பண்ணவன் எவனும் வரப் போறதில்லை. மாத்திரைக்காரனுக்கு எழுதுனா கடுதாசி போற இடமே தெரியலை. லாட்டரிக்காரன் மறுபடியும் எனக்கே டாலர் விழுந்துருச்சுங்கிறான். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்கிறது நீ ஒருத்தன்தான்யா. உன்னையும் விட்டுட்டா, அப்புறம் இந்தக் கமிட்டி எதுக்குன்னு ஜனங்க கேக்க மாட்டாங்களா? நான் என்ன பதில் சொல்றது, நீயே சொல்லு."

பத்ரிநாத்துக்கு ஒரு கணம் தலைவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடு கீழே இறங்கிய பிறகுதான் தன் நிலைமை ஞாபகம் வந்தது. மஹாலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சிறப்புக் கூட்டத்தில் முடிவு சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி மாட்டுத்தாவணியில் இறங்கி வீட்டுக்கு வரவில்லை. ஆட்டோ பிடித்து நேராகச் சங்கத்துக்கே வந்துவிட்டார். பத்ரிநாத்தும் சூடாமணியும் தகவல் தெரிந்து ஓடி வந்தபோது, அவர் பலகைக்கு முன்னால் கைகட்டி நின்று மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார். மாத்திரை விற்பவரைப் படித்தார். லாட்டரிக்காரரைப் படித்தார். பத்ரிநாத்தின் பெயருக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பத்ரிநாத்தின் முகத்தைப் பார்க்காமல் அவர் படியேறினார். இவர்கள் பின்னாலேயே ஏறினார்கள்.

மேலே குழு கூடியிருந்தது. சம்பந்தி நின்றுகொண்டே பேசினார்.

"நான் மாப்பிள்ளைக்கு அப்பா. பரமக்குடி. ஒரு வார்த்தை கேக்கலாமா? இவர் எந்த பேங்க்ல கட்டலை?"

"பேங்க் விஷயமே இல்லைங்க" என்றார் வெங்கடேஷ்பாபு. "மெயில் அனுப்பிட்டாரு."

"என்ன மெயில்?"

"கல்யாணப் பத்திரிகை."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். சங்கத்துல ஒருத்தர் பாக்கி இல்லை. அதுதான் குத்தம்."

சம்பந்தி அந்தச் சொற்களை மனசுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பதுபோல நின்றார். கழுத்து நரம்பு மெல்ல இறங்கியது. "ஒருத்தர் பாக்கி இல்லாமயா?"

"ஒருத்தர் பாக்கி இல்லை."

"எங்க ஊர்ல என் மூத்த மக கல்யாணத்துல ஒரே ஒரு வீடு விட்டுப்போச்சு. இன்னைக்கும் அந்த வீட்டுக்காரன் என்னோட பேசுறதில்லை" என்றார் சம்பந்தி. அப்போதுதான் திரும்பி பத்ரிநாத்தைப் பார்த்தார். "சம்பந்தி, வேர்த்து வடியுது. உக்காருங்க."

பத்ரிநாத் உட்கார்ந்தார். ஆனால் தலைவர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் சரிங்க. மஹால் விஷயம் வேற. லிஸ்ட்ல இருக்கிறவரோட சங்கம் எந்தப் பொழக்கமும் வச்சுக்கக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு. பாபு, படி."

வெங்கடேஷ்பாபு படிக்க எழுந்தார். அந்த நேரம் உள்ளறையிலிருந்து மொக்கையன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். காலையிலிருந்து சங்கம் அனுப்பிய மெயில் எல்லாம் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது என்றும், அச்செடுத்து அச்செடுத்துக் காகிதம் தீர்ந்துவிட்டது என்றும் சொன்னான். வெங்கடேஷ்பாபு மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு அடுத்ததை. சான்றிதழுக்குக் கீழே நின்றும் குரல் வரவில்லை.

"என்னய்யா?" என்றார் தலைவர்.

"வெளிநாட்டுல ஒரு பெரிய கருப்புப் பட்டியல் இருக்குண்ணே. உலகத்துல முக்கால்வாசி சர்வர் அதைப் பாத்துத்தான் மெயிலை உள்ள விடும்."

"நல்லதுதானே. யாரு ஏறியிருக்கா?"

"நம்ம சங்கம்."

நடந்தது இதுதான். குப்பை அனுப்புகிறவன் தன் சொந்த முகவரியைப் போட மாட்டான். எங்கேயோ இருக்கிற ஓர் அப்பாவியின் முகவரியைத் திருடிப் போட்டிருப்பான். சங்கத்தின் மூன்று பக்கக் கண்டனக் கடிதங்கள் அத்தனையும் இத்தனை மாதமாக அந்த அப்பாவிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் ஒரு பல் டாக்டருக்கு, போலந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, தினமும் தெற்குமாசி வீதியிலிருந்து வசவு. அவர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். உலகத்தின் கணக்கில், குப்பை அனுப்புகிறவர் வைகைத் தென்கரை ஜவுளி வணிகர் சங்கம்.

"நேர்ல போய் நின்னு பேசிரலாமா? ரெண்டு ஜாமீனோட?" என்றார் தலைவர். குரல் இறங்கியிருந்தது.

"எங்க போறதுண்ணே? அங்க ஆளே இல்லை. வெறும் சர்வர்."

"நாம யாருன்னு அதுக்குத் தெரியுமா?"

பத்ரிநாத் தரையைப் பார்த்தார்.

சூடாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். எங்க பேரு லிஸ்ட்ல இருக்கு. சங்கத்து பேரும் இப்ப லிஸ்ட்ல இருக்கு. லிஸ்ட்ல இருக்கிறவங்களோட இல்லாதவங்க பொழங்கக் கூடாது, சரி. லிஸ்ட்ல இருக்கிறவங்க தங்களுக்குள்ள பொழங்கிக்கிறதுக்குத் தடை போட்டிருக்கீங்களா?"

வெங்கடேஷ்பாபு தீர்மானத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அப்படி ஒண்ணும் போடலை மதினி."

"அப்ப எங்களுக்கு மஹால் தர நீங்கதான் சரியான ஆளு. வேற யாருக்கும்தான் நீங்க தர முடியாது."

தலைவர் கண்ணை மூடினார். வழக்கமாக மூடுவதைவிட வெகுநேரம் மூடியிருந்தார். திறந்தபோது முகத்தில் தெளிவு வந்திருந்தது. அமைப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று கண்டுகொண்ட தெளிவு. "விதிப்படி சரியா இருக்கு. எழுதிக்கோ பாபு. இனிமே மஹால் கருப்புப் பட்டியல்ல உள்ளவங்களுக்கு மட்டும்."

எல்லாம் முடிந்தது என்று பத்ரிநாத் எழுந்தபோது சம்பந்தி கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். அப்ப லிஸ்ட்ல இல்லாத என் மகன் அந்த மஹால்ல எப்படித் தாலி கட்டுவான்? நாளைக்கு எவனாவது முறை தப்பிருச்சும்பான்."

அது நியாயமான கேள்வி என்று குழு ஒப்புக்கொண்டது.

"ஆகவே, என் பேரையும் என் மகன் பேரையும் பலகையில எழுதிருங்க" என்றார் சம்பந்தி. "பேரு தப்பில்லாம இருக்கணும். நான் கூட நின்னு பாக்கிறேன்."

மொக்கையன் சாக்பீஸ் எடுக்கப் போனான். கீழே, பரமக்குடிக்காரர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். சாய்குமாரின் 'ய்' புள்ளி சரியாக விழவில்லை என்று அழித்து மறுபடி எழுதவைத்தார். டீக்கடையில் இருந்தவர்கள் அன்று அத்தனை பேரும் காசு கொடுக்க மறந்து வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த இரண்டு வாரம் சங்கத்தில் பெரிய அமளி. கல்யாணச் சாப்பாட்டுக்குப் போக வேண்டுமானால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டதால், உறுப்பினர்கள் ராத்திரி பகலாக ஒருவருக்கொருவர் மெயில் அனுப்பினார்கள். காலை வணக்கம் அனுப்பினார்கள், ரசம் வைக்கும் முறை அனுப்பினார்கள், எத்தனை பேருக்கு அனுப்பினால் பெயர் ஏறும் என்று கேட்டு ஐம்பத்தொரு பேருக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரின் பெயர் விட்டுப்போய், "எங்களை மட்டும் ஏன் சேக்கலை" என்று தலைவரிடம் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். முகூர்த்தத்தன்று மஹாலில் இடம் போதாமல் தெப்பக்குளக் கரையில் பந்தி நடந்தது. உமர் பாரூக் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டார்.

வித்யாஸ்ரீயும் சாய்குமாரும் கல்யாணமான மறுமாதமே பெங்களூருக்குக் குடிபோனார்கள். வெங்கடேஷ்பாபுவுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்தது. லட்சக்கணக்கான செல்போன்களுக்கு ஒரே நேரத்தில் விளம்பரம் அனுப்பும் கம்பெனி. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு செட்டிலாகிவிட்டார். தலைவர் கருத்தக்கண்ணன் மகனோடு கோபித்துக்கொண்டு கொட்டாம்பட்டித் தோட்டத்து வீட்டுக்கே போய்விட்டார். அங்கே டெலிபோன் லைன்கூடக் கிடையாது, முகம் தெளிந்துவிட்டது என்கிறார்கள். ரம்யாஸ்ரீ மூன்று வருஷம் கழித்துப் புனேயில் கூட வேலை பார்த்த பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். யாருக்கும் பத்திரிகை வைக்கவில்லை, மெயில் அனுப்பவில்லை, போன்கூடச் செய்யவில்லை. விளக்குத்தூண் பக்கம் மட்டும், அன்று மத்தியானமே பையனின் சம்பளம் வரைக்கும் தெரிந்திருந்தது.